தாழ்ப்பாள் நாடகமும் ஒரு முழுச் சக்கையும்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. அங்கே ஓட்டுக்கூரை போட்ட ஒற்றை அறையில் நாடகத்துறை நடந்தது. பேராசிரியர் தாசையன், மாணவர்கள் வேலப்பன், ஞானசிகாமணி, ரெத்தினபாய். புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்வார்கள். எழுதினவர்களுக்கு இது தெரியாது, பாவம்.

அந்த வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு நிபுணர் வருவதாகத் தகவல் வந்தது. துறையை வைப்பதா எடுப்பதா என்று அவர்தான் சொல்லவேண்டும். எடுத்துவிட்டால் தாசையன் மாமனாரின் குடைக்கடைக்குப் போகவேண்டியதுதான். மாமனார் மகா நல்லவர். மருமகனுக்கு இப்போதே ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து தாசையன் குடைக்கடைத் தெருப்பக்கமே போவதில்லை.

பாடத்துக்கு வைத்திருந்த ‘தாழ்ப்பாள்’ என்கிற அபத்த நாடகத்தை அவருக்கு நடித்துக்காட்டுவதாக ஏற்பாடு. உலகப் பிரசித்தம். ஒருத்தன் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு, அதற்குப் பொருத்தமான வீட்டைத் தேடி அலைவான். வீடு கிடைக்காது. திரை விழும். அவ்வளவுதான்.

“கதவு வேணுமே சார்?” என்றான் வேலப்பன்.

“நம்ம துறைக் கதவு சும்மாத்தானலே நிக்குது?” என்றார் தாசையன். கழற்றிவிட்டார்கள்.

அடுத்தது புத்தகத்தில் போட்டிருந்த மேடை வரலாறு; அதையும் செய்தாகவேண்டும். ரெத்தினபாய் புத்தகத்தைப் பார்த்து வாசித்தாள்: “முதல் வருடம் கொட்டகையில் ஈ ஓட்டினார்கள். மறுவருடம் நாடகம் சக்கைப்போடு போட்டது.”

“ஈயை எதுக்கு சார் ஓட்டணும்?” என்றான் வேலப்பன்.

“அபத்த நாடகம்லே. அர்த்தம் கேக்கப்பிடாது.”

எங்கள் ஊர்ப்பக்கம் சக்கை என்றால் பலாப்பழம். அதனால் அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஞானசிகாமணிக்கு மட்டும் வேறொரு கவலை.

“சக்கையை எங்க சார் போடணும்? மேடையிலயா, ஆளுங்க மேலயா?”

தாசையன் புத்தகத்தை வாங்கி அந்த வரியில் விரலை வைத்துப் படித்தார். “போட்டதுன்னுதான் இருக்கு, எங்கேன்னு இல்ல. அதை நம்ம இஷ்டத்துக்கு விட்டிருக்காங்க.”

“முதல்ல ஈ, அப்புறம்தான் சக்கை. வரிசை மாறப்பிடாது” என்றாள் ரெத்தினபாய் கண்டிப்பாக.

“சக்கை இல்லாம ஈ எப்படி வரும்?” என்றான் வேலப்பன்.

அடேயப்பா, என்ன கேள்வி! கடைசியில், ஈயை வரவழைக்க ஒரு சக்கையை அறுத்து வைப்பது, போடுவதற்கு இன்னொன்றை முழுசாக வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

நிபுணர் வெள்ளைவெளேரென்று சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தார். வேலப்பன் கதவைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி அலைந்து முடித்தான். அறை முழுக்க ஈ. மூன்று பேரும் துண்டைச் சுழற்றி ஈ ஓட்டினார்கள். நிபுணருக்கு ஒன்றும் புரியவில்லை. அபத்த நாடகம் என்பதால் புரிந்த மாதிரி தலையாட்டினார். அதைப் பார்த்துத் தாசையனுக்குத் தெம்பு வந்துவிட்டது.

“போடுலே சக்கையை!”

ஞானசிகாமணி போட்டான். நன்றாகப் பழுத்த சக்கை. நிபுணர் மடியில் விழுந்து பிளந்தது. பதறி எழப் பார்த்தார். பிசின் ஒட்டி நாற்காலியும் கூடவே எழுந்தது.

“என்னய்யா இது அக்கிரமம்! இந்தத் துறையை இழுத்து மூடுங்கய்யா!” என்று கத்தினார்.

நால்வரும் வெளியே ஓடினார்கள்.

“மூடச் சொல்லுறாரு. கதவு இல்லையே?” என்றான் ஞானசிகாமணி.

“இழுத்து மூடணும்னு சொன்னாரே, கவனிக்கலியா? கதவுன்னா சாத்தச் சொல்லியிருப்பாரு. தார்ப்பாயைச் சொல்லுறாரு” என்றார் தாசையன்.

வாசலில் தேங்காய் லாரி ஒன்று நின்றது. அதன் தார்ப்பாயை உருவி, கூரையோடு சேர்த்து இழுத்து மூடி, சுற்றிக் கயிறும் கட்டினார்கள். நிபுணர் உள்ளேதான் இருந்தார். தன்னை வெளியே விடச் சொல்லி அவர் உத்தரவு போடவில்லையே.

தாசையன் தார்ப்பாயில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே, “சூ! சூ!” என்று சத்தம்.

“லேய், சார் ஈ ஓட்ட ஆரம்பிச்சிட்டாரு!” தாசையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குடைக்கடை ஸ்டூல் மனசைவிட்டே போய்விட்டது. “துறை பிழைச்சுதுலே! வேலப்பா, ஓடு, இன்னொரு சக்கை வாங்கிட்டு வா!”