தேறல் ஜாடிக்கு ஈரவேட்டி

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று குறுக்கே கேட்காதீர்கள், கதை நின்றுவிடும், ஒரு நாட்டை வெற்றிமார்த்தாண்டர் என்ற மகாராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் சித்திரை பிறந்துவிட்டால் அவர் பக்கத்தில் ஒருவரும் நிற்க முடியாது. கத்திரி வெயில் ஏற ஏற அவர் கோபமும் ஏறும். மார்கழியில் மன்னிப்பார், மாசியில் அபராதம் போடுவார், சித்திரையில் தலையைக் கேட்பார்.

அந்த அரண்மனையில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. மகாராஜாவின் கொள்ளுத்தாத்தா ஒரு பலாப்பழத்தை யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்துத் தின்றார் என்று ஊரே சிரித்ததாம். அந்த அவமானத்தில் அவர் ஒரு சட்டம் போட்டார். வெளிநாட்டிலிருந்து அரசர் வாய்க்கு வரும் எந்தப் பொருளும் யானைமேல் ஏறி, கொட்டு முழக்கத்தோடு கோட்டையை மூன்று முறை வலம் வந்த பிறகுதான் உள்ளே வரவேண்டும். காலையில் கிளம்பினால் உச்சிப் பொழுதுக்குத்தான் வந்து சேரும். பேரீச்சம்பழம் வந்தது, பாதாம் வந்தது, ஒன்றும் ஆகவில்லை. தேறல் என்னும் திராட்சை மது வந்தபோதுதான் வினை வந்தது.

அதை வரவழைத்தவன் அரண்மனை விகடன் தொப்பளான். துறைமுகத்தில் நிக்கோன் என்ற யவன வணிகன் தன் கப்பலுக்கு அவனைக் கூப்பிட்டு, விடியற்காலைக் கடற்காற்றில் ஒரு கிண்ணம் திராட்சைத் தேறல் கொடுத்திருந்தான். அன்று முழுவதும் தொப்பளான் அதைப் பற்றியே பேசினான். மகாராஜாவுக்கு நாக்கு ஊறிவிட்டது.

"உன் வாய்க்குக் கிடைத்தது என் வாய்க்குக் கிடைக்கவில்லையா? நாளைக்கே வேண்டும்!" என்றார்.

மறுநாள் நிக்கோன் நாற்பது ஜாடிகளோடு வந்தான். முதல் ஜாடி யானைமேல் ஏறியது. மூன்று சுற்று சுற்றி இறங்கியபோது ஜாடியைத் தொட்ட பணியாள் "ஐயோ!" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டான். மகாராஜா ஆசையோடு ஒரு வாய் குடித்தார். குடித்தது அப்படியே சிம்மாசனத்தின் எதிரே நின்ற சேனாதிபதியின் மேல் வந்து விழுந்தது.

"இது என்ன, தேறலா? தோல் ஊறவைத்த தண்ணீரைக் காய்ச்சிக் கொண்டுவந்திருக்கிறானா?"

அங்கே ருசி மந்திரி என்று ஒருவர் இருந்தார். பெயர் ஏகாம்பரனார். அரசர் சாப்பிடுவதற்கு முன் ருசி பார்ப்பது அவர் உத்தியோகம். அன்று மகாராஜாவின் ஆசை அவரையும் முந்திக்கொண்டது. தொப்பளான் வருவதற்கு முன்னால் அந்தச் சபையில் அவருக்குத்தான் மதிப்பு. அவர் ஏப்பம் விட்டால்கூட எல்லாரும் தலையாட்டுவார்கள். இப்போது ஒருவரும் ஆட்டுவதில்லை. அந்த எரிச்சல் அவருக்கு.

அவர் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி, மெல்லச் சொன்னார். "பிரபு, கெட்டுப்போன சரக்கு. தெரிந்தே கொண்டுவந்திருக்கிறான். தொப்பளானுக்கும் இதில் பங்கு இருக்கலாம். நான் நிச்சயமாகச் சொல்லவில்லை. இருக்கலாம்."

"நாளை உச்சிப் பொழுதில் இந்த வணிகன் தலையை யானை மிதிக்கட்டும்!" என்று மகாராஜா கத்தினார்.

நிக்கோனுக்கு நம் பேச்சு பாதிதான் புரியும். ஆனால் யானையையும் தன் தலையையும் காவலர்கள் மாறி மாறிக் காட்டியதும் எல்லாம் புரிந்துவிட்டது. அவன் தொப்பளானைப் பார்த்தான். தொப்பளானுக்கோ, நம் வாய்க்கொழுப்பால் ஒரு மனிதன் சாகப்போகிறானே என்று மனசு அடித்துக்கொண்டது.

அவன் முன்னே வந்து விழுந்தான். "மகாராஜா, நாளை இதே சரக்கில் இன்னொரு ஜாடி கொண்டுவருகிறேன். ருசிக்கவில்லை என்றால் அவர் தலைக்குப் பக்கத்தில் என் தலையையும் வைத்துக்கொள்ளுங்கள்."

ஏகாம்பரனார் விடுவாரா? "இதே யானை, இதே வெயில், இதே மூன்று சுற்று. ஒரு சுற்றுகூடக் குறையக்கூடாது. தேறலுக்குள் தண்ணீர், தேன், ஏலம் எதுவும் விழக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம் சாமி" என்றான் தொப்பளான்.

மறுநாள் காலை யானை வந்து நின்றது. நிக்கோனின் ஜாடிகளிலிருந்து ஏகாம்பரனாரே ஒன்றைப் பொறுக்கி எடுத்து, வாய்க்கட்டின்மேல் தன் முத்திரையை வைத்தார். ஏற்றப்போகும் நேரத்தில் தொப்பளான் கையைத் தூக்கினான்.

"நில்லுங்கள். சட்டத்தைச் செப்பேட்டிலிருந்து வாசிக்கவேண்டும்."

அரசாணைகளைக் காக்கும் ஓலை நாயகம் செப்பேட்டைத் துடைத்து வாசித்தார். "அரசர் வாய்க்குச் செல்லும் பொருள் அரசருக்கு நிகர். வலம் வருங்கால் அரசருக்குரிய உபசாரம் யாவும் அதற்கும் செய்க."

"கேட்டீர்களா? யாவும்!" என்றான் தொப்பளான். "இத்தனை வருஷமாக வெறும் கொட்டு மட்டும் அடித்து ஏமாற்றி இருக்கிறீர்கள். மகாராஜா குளிக்காமலா பவனி வருகிறார்?"

ஜாடிக்கு மணை போட்டார்கள். ஆழக்கிணற்றிலிருந்து நூற்றெட்டுக் குடம் தண்ணீர் இறைத்து ஊற்றினார்கள். பிறகு வேட்டி. மகாராஜா கோவிலுக்குப் போகும்போது ஈரவேட்டியோடுதானே போவார்? ஜாடிக்கும் நனைத்த பருத்தி வேட்டியை நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டினார்கள். அதன்மேல் சந்தனம் பூசினார்கள். வெண்கொற்றக்குடை பிடித்தார்கள். இரண்டு பேர் நனைத்த வெட்டிவேர் விசிறியால் ஓயாமல் வீசினார்கள்.

ஏகாம்பரனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சாகப்போகிறவன் கிறுக்குப் பிடித்து ஆடுகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

தெருவில் பெரிய கூட்டம். ஜாடியைப் பார்த்து எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள்.

"யாருடி இது, புது மகாராசாவா?"

"அப்படித்தான் தெரியுது. கொஞ்சம் குண்டு."

"குண்டா இருந்தா என்ன, கத்தாம போறாரு பாரு. இவரே இருந்துட்டுப் போகட்டும்."

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மகாராஜா இளைப்பாறுவார் அல்லவா? ஜாடியும் இளைப்பாறியது. மறுபடியும் குளியல், மறுபடியும் ஈரவேட்டி. ஒருவர் மனு கொடுத்தார். அதையும் வாங்கி ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மூன்றாம் சுற்றில் யானைப்பாகன் வீரணனே தொப்பளானிடம் கெஞ்சினான். "அண்ணே, அடுத்த பொறப்புலயாவது என்னை ஜாடியாப் பொறக்க வையுங்கண்ணே. உச்சந்தலை வெடிக்குது."

உச்சிப் பொழுது. சபை கூடியது. வெளியே நிக்கோன் கைகட்டப்பட்டு நின்றான். முத்திரையை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றினார்கள். மகாராஜா மூக்கைச் சுளித்துக்கொண்டே வாயில் வைத்தார். சுளித்த மூக்கு மெல்ல விரிந்தது. இன்னொரு வாய். பிறகு கிண்ணத்தையே கவிழ்த்துக்கொண்டார்.

"அடடா! நாவல்பழம் தெரிகிறது, ஏதோ பூ தெரிகிறது. தொண்டையில் இறங்கினதே தெரியவில்லை!"

ஏகாம்பரனார் முகம் கறுத்தது. "பிரபு, மோசம்! நேற்றைய சரக்கு அல்ல இது. என் முத்திரையை ஏமாற்றி வேறு தேறலை ஊற்றிவிட்டான். இதை அறிய எனக்குக் கண்கூட வேண்டாம், நாக்கு போதும்!"

மகாராஜாவின் புருவம் ஏறியது. வெளியே யானையும் ஒருமுறை பிளிறியது. நிக்கோன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நாக்கு போதும் என்றால் நல்லதாகப் போயிற்று" என்றான் தொப்பளான். "சாமியின் கண்ணைக் கட்டுங்கள். அவரே தீர்ப்புச் சொல்லட்டும்."

கண்ணைக் கட்டினார்கள். தொப்பளான் அதே ஜாடியிலிருந்து, மகாராஜா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூன்று கிண்ணம் ஊற்றினான். ஒன்றை முற்றத்துக் கல்லில் வெயிலில் வைத்தான். ஒன்றை ஈரத்துணியால் மூடினான். ஒன்றை, வாணக்காரர்களிடம் வாங்கி வந்த வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து அதற்குள் இறக்கினான். வெடியுப்புத் தண்ணீர் கை விறைக்கும்படி குளிரும். எல்லாரும் வெற்றிலை போட்டு மென்று துப்பும் நேரம் வரை காத்திருந்தார்கள்.

வெயிலில் காய்ந்த கிண்ணம் முதலில் போயிற்று. ஏகாம்பரனார் உறிஞ்சி முகத்தைச் சுளித்தார். "இதுதான் நேற்றைய சரக்கு! பழைய செருப்பின் வாசனை. தொண்டையில் எரிச்சல். காய்ச்சலில் கிடந்த தோட்டக்காரன் பயிரிட்டது."

மகாராஜா வாயைப் பொத்திக்கொண்டார்.

இரண்டாவது கிண்ணம். "ஆகா, இது வேறு தேசம். மலைநாடு. நாவல்பழம், கொஞ்சம் ஏலம், மழை விழுந்த மண். திராட்சையைப் பறித்தவள் இடதுகைப் பழக்கம் உள்ளவள். மறுநாள் அவளுக்குக் கல்யாணம்."

சேனாதிபதி தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

குளிர்ந்து விறைத்த மூன்றாவது கிண்ணம். ஏகாம்பரனார் நெடுநேரம் வாயில் வைத்திருந்தார். வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. "பிரபு, என்னைச் சோதிக்கிறீர்கள். இது தேறலே அல்ல. குளத்துத் தண்ணீரில் சாயம்!"

கண்கட்டை அவிழ்த்தார்கள். எதிரே ஒரே ஒரு ஜாடிதான் இருந்தது, ஈரவேட்டியோடு. மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது. அதை எடுத்துக் கொடுக்க வந்தவர்களும் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்னடா மாயம் இது?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மாயம் இல்லை மகாராஜா. சூடு. சூடு ஏறினால் இதில் இருக்கும் புளிப்பும் காரமும் மட்டும் மேலே வந்து கத்தும். அளவாகக் குளிர்ந்தால் பழமும் பூவும் வெளியே வரும். அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். ஈரத்துணி காயும்போது உள்ளே இருக்கிற சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நான் வேறு ஒன்றும் செய்யவில்லை."

"வணிகனை அவிழ்த்துவிடுங்கள்!" என்றார் மகாராஜா. அவிழ்த்ததும் நிக்கோன் ஓடிவந்து தொப்பளானைக் கட்டிக்கொண்டு அழுதான். தொப்பளானும் அழுதுவிட்டான். விகடன் அழுவதைச் சபை அன்றுதான் பார்த்தது.

"ஆயிரம் பொன் தந்தேன் தொப்பளான். இன்னும் என்ன வேண்டும், கேள்."

"ஜாடிக்குக் கட்டிய வேட்டி ஒன்று மீதி இருக்கிறது மகாராஜா. நனைத்துத்தான் வைத்திருக்கிறேன். சித்திரையில் தீர்ப்புச் சொல்லும்போது மட்டும் தாங்கள் அதைப் போர்த்திக்கொள்ளவேண்டும்."

மகாராஜா தொப்பளானை ஒரு கணம் முறைத்தார். பிறகு கையை நீட்டி வேட்டியை வாங்கி, தலையோடு போர்த்திக்கொண்டார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. விசிறிக்காரர்கள் வீசினார்கள். "அம்மாடி!" என்று ஒரு பெருமூச்சு வந்தது.

அப்புறம்தான் அவர் பார்வை ஏகாம்பரனார் பக்கம் திரும்பியது. ஒரு குற்றமும் இல்லாத மனிதனைச் சாகடிக்கப் பார்த்தவர். வெளியே யானை காத்திருந்தது.

மகாராஜா நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டுச் சொன்னார். "காய்ந்த துணியில் இருந்திருந்தால் இந்நேரம் உம்முடைய தலையைக் கேட்டிருப்பேன். வீட்டுக்குப் போய் மோர் குடியும், போம்."

அன்றிலிருந்து அந்த நாட்டில் சித்திரை மாதத்துத் தீர்ப்பெல்லாம் ஈரவேட்டியில்தான் நடந்தது. ஒரு தலையும் உருளவில்லை. தீர்ப்பு நடக்கும்போது வேட்டி லேசாகக் காயத் தொடங்கினால் போதும், கிணற்றடிக்கு ஓடிக் குடத்தோடு முதல் ஆளாக வந்து நிற்பவர் ஏகாம்பரனார்தான்.