கோடு போட்ட வீட்டில் குடியேறியவர்கள்

கொம்பூதிப்பட்டியில் ஒச்சப்பன், சின்னமாயன், வீரணன் என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவன் ஒச்சப்பனுக்குப் பேச்சியம்மா என்று ஒரு மனைவி. நாலு பேரும் கூடி யோசித்தால் ஒரு ஆள் யோசித்த மாதிரி இருக்கும். அதுவும் அரைத் தூக்கத்தில்.

குடியிருந்த வாடகை வீட்டை ஆடி முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஊர் ஓரத்தில் சொந்தமாக ஒரு காலி மனை கிடந்தது. கொத்தனார் அருளப்பனைப் போய்ப் பார்த்தார்கள்.

"சிமெண்டு, கம்பி, மணல் எல்லாம் ஏறிக்கிட்டே போகுது. சதுர அடிக்கு இவ்வளவு ஆகும்" என்று அவர் ஒரு தொகையைச் சொன்னார். சின்னமாயன் குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

வெளியே வந்து நாலு பேரும் ஆலோசித்தார்கள்.

"சதுர அடிக்குத்தானே காசு கேக்குறாரு? வட்டமாக் கட்டிட்டா?" என்றான் சின்னமாயன்.

இவ்வளவு சுலபமான விஷயம் ஊரில் யாருக்கும் தோன்றவில்லையே என்று அண்ணனும் தம்பியும் வருத்தப்பட்டார்கள். பேச்சியம்மாதான் மறுத்தாள்.

"வட்ட வீட்டுல மூலை இருக்காதே. கோவம் வந்தா நான் எங்க போய் உக்காருவேன்?"

ஒச்சப்பன் கலங்கிப் போனான். அவள் மூலையில் உட்காராவிட்டால் நடுவீட்டில் உட்காருவாள். பிறகு அவன் எந்தப் பக்கம் போவான்? வட்டம் கைவிடப்பட்டது. மறுபடி கொத்தனாரிடமே போனார்கள்.

"சரி, ஒரு குடும்பத்துக்கு என்னதான் வேணும்? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் கொத்தனார்.

பேச்சியம்மாவுக்கு ஒரு அடுப்படியும் ஒரு மூலையும் வேண்டும். சின்னமாயனுக்குச் சாய்ந்து உட்கார ஒரு சுவர். வீரணன் தனக்கென்று ஒரு அறை கேட்டான். "அதுக்குள்ள வேற யாரும் வரக் கூடாது" என்றும் சொன்னான்.

கொத்தனார் மனைக்கு வந்து சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். "இதுதான் வீடு. விலை இறங்கட்டும், சுவரை அப்புறம் ஏத்திக்கலாம். அதுவரைக்கும் கோட்டைத் தாண்டாதீங்க, அழிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீடு ஒரே மணி நேரத்தில் முடிந்ததில் எல்லோருக்கும் ஆச்சரியம். அன்றைக்கே பால் காய்ச்சிக் குடியேறினார்கள். விசேஷத்துக்கு வந்த அக்கம்பக்கத்தார் பாதிப் பேர் சுவர் வழியாகவே உள்ளே நடந்தார்கள். ஒச்சப்பன் அவர்களைத் திருப்பி அனுப்பி வாசல் வழியாக வரச் சொன்னான். சின்னமாயன் தன் சுவரில் சாய்ந்து பார்த்து, மல்லாக்க விழுந்தான். ஈரம் காயவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் வீரணன் தன் அறையிலிருந்து கூப்பிட்டான். "அண்ணே, இதுல கதவு இல்ல."

யாரும் வரக் கூடாது என்றதால் கொத்தனார் கோட்டில் இடைவெளி விடவில்லை. குடியேறும் சந்தோஷத்தில் வீரணன் எப்படியோ உள்ளே போய்விட்டான்.

"சுவரை இடிச்சிடலாமா?" என்றான் ஒச்சப்பன்.

"புது வீடு. இடிச்சா ஆகுமா?" என்றாள் பேச்சியம்மா. பாவம், கையில் இட்லித் தட்டோடு சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அழுதாள். அந்தப் பக்கம் ஒரு முழத் தூரத்தில் வீரணனும் அழுதான்.

கடைசியில் ஒரு ஏணியைக் கொண்டுவந்து இருவர் நிமிர்த்திப் பிடித்தார்கள். வீரணன் எட்டிப் பிடித்து ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்கினான். நாலு இட்லி சாப்பிட்டான். பிறகு, அறை தன்னுடையதாயிற்றே என்று மறுபடி ஏறித் திரும்பிப் போய்விட்டான்.

இரண்டு நாளில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே ஒச்சப்பன் கொத்தனார் வீட்டுக்கு ஓடினான்.

"கொத்தனாரே, வீடு ஒழுகுது."

"கூரையே இல்லையேப்பா."

"அதான் சொல்றேன். எல்லா இடத்துலயும் ஒழுகுது."

கொத்தனார் குடையோடு வந்து பார்த்தபோது கோடுகள் கரைந்து வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தன. நாலு பேரும் சேற்றில் நின்று, வீடு வெள்ளத்தில் போய்விட்டதே என்று ஒப்பாரி வைத்தார்கள். அவருக்கு மனசு கேட்கவில்லை. வெயில் அடித்ததும் காசு வாங்காமல் புதிதாகக் கோடு போட்டுத் தருவதாகச் சொன்னார்.

"இந்தத் தடவை மாடியும் வேணும். வெள்ளம் வந்தா ஏறிக்கணும்ல" என்றான் சின்னமாயன்.

கீழ்வீட்டின் மேலேயே மாடியைப் போட்டால் கோடு குழம்பும். அதனால் கொத்தனார் அதைப் பக்கத்தில் போட்டு, நடுவில் பதினெட்டுப் படி வரைந்தார். ஓரத்துக்குக் கைப்பிடிச் சுவர் போடுவதற்குள் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. கடையில் கேட்டால் அதுவும் விலை ஏறியிருந்தது.

அன்று சாயங்காலம், காற்றில் பறந்த துண்டை எடுக்க வீரணன் மாடிக் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தான். வைத்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. அப்படியே படுத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு, "பத்தடி உயரத்துலேருந்து விழுந்தவனுக்கு வலிக்காத இடம் எது சார்?" என்றான் ஒச்சப்பன். காலில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

பழி தன் மேல் வந்துவிடுமோ என்று பயந்த கொத்தனார், கேட்ட விலைக்கே சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். படிகளில் ஒன்றுவிடாமல் கால் வைத்து ஏறினார். மாடிக்குப் போய், ஓரத்தில் குனிந்து, கோடு போடக் கையை நீட்டியவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன கொத்தனாரே?" என்று கீழேயிருந்து பேச்சியம்மா கேட்டாள்.

"யாராவது வந்து கையைப் பிடிச்சு இறக்கி விடுங்கம்மா" என்றார் அவர். "இவ்வளவு உசரத்துல நான் வேலை பாத்ததே இல்ல."