கொம்பை ஊதியது யார்

நுண்ணோக்கி பிறக்காத காலம். மலையில் மனுசனும் காட்டுப்பன்றியும் ஒரே வரப்பில் நடந்த காலம். அந்தக் காலத்தில் ஒரு மலையூரில் கோதையம்மை என்றொரு வைத்தியர் இருந்தார். அவரிடம் வெள்ளையன் சீடனாகச் சேர்ந்திருந்தான். சீடன் குருவைவிட மூத்தவன். குரு அவனை அண்ணே என்பார், அவன் அவரை அம்மா என்பான். அதற்கு முன் தினைக்கொல்லைக் காவலுக்குத் தலைவனாக இருந்தவன். யாரையும் லேசில் நம்பமாட்டான்.

அவன் தம்பி செம்பனுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. பிறகு அக்குளில். ஆள் கரைந்துகொண்டே போனான். கோதையம்மை கட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"நோய் வந்தா விரட்டுறதுக்கு உடம்புக்குள்ள ஒரு காவல் இருக்கு. அந்தக் காவலேதான் பெருகிக் கட்டியா நிக்குது" என்றார்.

வெள்ளையன் தலையை ஆட்டினான். "மச்சினன் வீட்டுக் கூழைக் குடிச்சதிலிருந்துதான் இப்படி."

"அதே கூழை அவன் பெண்டாட்டியும் குடிச்சாளே?"

"அவ அந்த வீட்டுப் பொண்ணு. அவளுக்குத் தனிச் சட்டி வச்சிருப்பாங்க."

அம்மை சிரித்துக்கொண்டார்.

"நான் காவல் காத்தவன்மா. காவல்காரன் எப்படிச் சொந்தக் கொல்லையை அழிப்பான்?"

"உங்க பழைய கொல்லை வரைக்கும் போய் வருவோம் அண்ணே."

"தம்பி படுத்துக் கிடக்கான்."

"அவனுக்காகத்தான்."

அந்தக் கொல்லையில் ஒரு வழக்கம். பன்றி வந்தால் பரணில் இருப்பவன் கொம்பை ஒரு முறை நீட்டி ஊதுவான். கேட்ட காவல்காரன் ஒவ்வொருவனும் வீட்டிலிருந்து இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்குள் இறங்க வேண்டும். பன்றி ஓடியதும் இரண்டு முறை குறுக்கி ஊதுவான். கூடுதலாக வந்தவர்கள் வீடு திரும்புவார்கள். ஊதியது யார் என்று யாரும் கேட்கக் கூடாது. வெள்ளையன் தலைவனாக இருந்தபோது போட்ட சட்டம் அது.

அவர்கள் போனபோது கொல்லையில் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் காவல்காரர்கள். தினைத்தாள் பாதி மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. மீதிக் கதிரைக் கசக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போதைய தலைவன் சடையன் எதிரே வந்தான்.

"பன்றி எங்கடா?" என்றான் வெள்ளையன்.

"கண்ணுல படல மாமா. கொம்பு ஊதுது, வர்றோம்."

"யார் ஊதுறது?"

"அதைக் கேக்கக் கூடாதுன்னு சொன்னதே நீங்கதானே. கேட்டுக்கிட்டு நின்னா, பன்றி தின்னு முடிச்சு வாயையும் கழுவிட்டுப் போயிடும்னீங்க."

வெள்ளையன் பரணில் ஏறினான். அம்மையும் பின்னால் ஏறினார். கொம்பு ஆணியில் தொங்கியது. வாய்ப்பக்கம் விரலை விட்டுப் பார்த்தான். ஈரமில்லை. உள்ளே சிலந்தி வலை பின்னியிருந்தது. பரண்காரனைத் திரும்பிப் பார்த்தான்.

"உதட்டைக் காட்டு."

"சத்தியமா நான் ஊதல மாமா."

"உதட்டைக் காட்டுடா."

உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. அதையும் வெள்ளையன் நம்பவில்லை. கொம்பை எடுத்துத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

அப்போது தலைக்குமேல் கொம்பொலி எழுந்தது. நீட்டி, ஒரு முறை.

பரணின் கூரைக்கழியில் ஒரு துடுப்புவால் கரிச்சான். கேட்ட குரலையெல்லாம் திருப்பிச் சொல்லும் பறவை. கீழே ஆட்கள் ஊருக்கு ஓடினார்கள், ஆளுக்கொருவரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். மிதித்த தாளிலிருந்து வெட்டுக்கிளிகள் தெறித்துப் பறந்தன. கரிச்சான் பாய்ந்து ஒன்றைக் கவ்வியது, கழிக்குத் திரும்பியது, தின்றது, மறுபடி ஊதியது.

"செம்பன் உடம்புலயும் இதுதான் நடக்குது" என்றார் அம்மை. "ஒரு கிருமி காவல்காரனுக்குள்ளயே குடி வந்திருக்கு. அவன் பெருகினா அதுக்கு வீடு பெருகும். அதனால கொம்பொலி மாதிரியே ஒண்ணைத் தானே செஞ்சு, அவனுக்குள்ள வச்சிருக்கு. பகையே வராட்டியும் அது ஓயாம ஊதும்."

கிருமி செய்து வைக்கும் அந்தத் துணுக்கைப் புரதம் என்கிறார்கள் இப்போது. அன்று அதற்குப் பேரில்லை.

வெள்ளையன் கல்லை எடுத்து வீசினான். கரிச்சான் காட்டுக்குள் பறந்துபோனது. பிறகு அவன் கொம்புக்குள் இருந்த வலையை ஊதித் தள்ளிவிட்டு, இரண்டு முறை குறுக்கி ஊதினான்.

கீழே எல்லாரும் நின்றார்கள். யாரும் நகரவில்லை.

"யார் ஊதுனது?" என்று ஒரு குரல்.

"நான்தான், வெள்ளையன்."

"நீதான் காவலை விட்டுட்டுப் போயிட்டியே. நாங்க போறதுல உனக்கென்ன ஆதாயம்?"

"பன்றிக்கு வழி விடப் பாக்கிறான்" என்றான் இன்னொருவன்.

"தம்பியைச் சாக்கு வச்சு, மிச்சத் தினையை அள்ள வந்திருப்பான்."

சடையன் தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு பரணுக்கு அடியில் வந்து நின்றான். "இறங்கி வாங்க மாமா, பேசிக்கலாம்."

வெள்ளையன் இறங்கவில்லை. மறுபடியும் ஊதினான். ஓரத்தில் நின்ற சிலர் மட்டும் தடியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பேறினார்கள். மற்றவர்கள் அவர்களையும் முறைத்தார்கள்.

"வான்னு ஊதினப்ப ஒருத்தனும் கேக்கலம்மா, யார் ஊதினதுன்னு" என்றான் வெள்ளையன்.

அம்மை காலியான கூரைக்கழியை நிமிர்ந்து பார்த்தார்.

"பறவைதான் போயிடுச்சே. இன்னும் ஏன் நிக்கிறாங்க?"

"ரொம்ப நாளா நின்னு பழகிட்டாங்க. இனி அவங்களுக்கு அந்தச் சத்தமே வேண்டியதில்ல."

"அப்ப ஒருத்தன் விடாம அடிச்சு விரட்டணும். காவலே வேண்டாம்."

"விரட்டலாம். பன்றி நிஜமாவே வந்தா?"

வெள்ளையன் கொம்பை மறுபடி ஆணியில் மாட்டினான். பிறகு, "என் தம்பி பிழைப்பானாம்மா?" என்று கேட்டான்.

அம்மை வரப்பைக் காட்டினார். அந்தச் சிலர் வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இவங்களை வெளியே கொண்டுவரணும்னா, நிஜக் கொம்பைக் கேட்டுப் போற அவங்களைத்தான் கூப்பிடணும். செம்பனுக்குள்ள அந்த மாதிரி சொன்னதைக் கேக்கிற காவல் ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாக்கப் போறேன்."

அம்மை இறங்கி நடந்தார். சடையன் அவருக்கு வழி விட்டான். பிறகு வெள்ளையனும் இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல், வரப்பில் போகிறவர்களின் பின்னால் நடந்தான்.