பூங்காவனம் அண்ணன் நீட்டிய கத்தி

"அண்ணன் கத்திய நீட்டினா, வேணாம்னு எப்படி மாஸ்டர் சொல்றது?"

பேக்கரியின் பின்வாசலில் நின்று கேட்டான் யுவராஜ். மதியம் மூன்று மணி.

மாஸ்டர் என்பது ரெஜினா. அவனோடு பத்தாவது வரை படித்தவள். இப்போது ராயபுரத்தில் இந்தப் பேக்கரியில் ரொட்டி சுடுவது அவள்தான்; தெருவே அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது. யோசனை கேட்டும் பலர் வருவார்கள். யாருக்காவது நேராகப் பதில் சொன்னாளா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை.

"எந்த அண்ணன்?"

"பூங்காவனம்."

பேரில் மட்டும்தான் பூ. யுவராஜ் அவன் கூட்டத்தில் சேர்ந்து ஐந்து மாதம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்ந்தவனின் பிறந்தநாளுக்கு அண்ணனே பட்டாக்கத்தியைக் கையில் கொடுப்பான். நடுத்தெருவில் கேக் வெட்ட வேண்டும். வீடியோ எடுத்து ஏரியா முழுக்க அனுப்புவார்கள். அடுத்த வாரம் அதே கத்தியோடு ஓர் ஆளைத் தேடிப் போக வேண்டும்.

இதுவரை அப்படிக் கேக் வெட்டியவர்கள் மூன்று பேர். இருவர் ஜெயிலில் இருக்கிறார்கள். ஒருவன் மாலை போட்ட போட்டோவில் இருக்கிறான்.

"என்னிக்குப் பொறந்தநாள்?"

"இன்னிக்குத்தான். அஞ்சு மணிக்குக் கேக் வாங்க இங்கதான் வர்றாங்க."

"உடம்பு சரியில்லன்னு சொல்லேன்."

"போன வருஷம் ஒருத்தன் சொல்லிப் பாத்தான். ஆஸ்பத்திரி வாசல்லயே வெட்ட வச்சாங்க."

ரெஜினா சிரித்துவிட்டாள்.

"சட்டைக் கைய மடக்கு."

"எதுக்கு?"

"மாவு பிசையற ஆளு இன்னிக்கு வரல."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு மாஸ்டர்."

"உப்பு அந்த டப்பால இருக்கு."

அவனுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மடக்கினான்.

மாவு விரலெல்லாம் ஒட்டியது. வாய்க்கு வந்தபடி திட்டினான்.

"அத ஏன்டா குத்துற? தள்ளு, மடி, திருப்பு."

தள்ளினான், மடித்தான், திருப்பினான். அரை மணியில் மாவு வழிக்கு வந்தது. ஐந்து மாதமாக வயிற்றில் கிடந்த பயம் எப்போது இறங்கியதென்று அவனுக்கே தெரியவில்லை. ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். சந்தோஷமாக இருந்தது.

ஐந்து மணிக்கு வாசலில் கார் நின்றது. பூங்காவனம் நேராக உள்ளே வந்தான். பின்னால் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு பேர்.

யுவராஜ் நிமிர்ந்தான். ரெஜினாவைப் பார்த்தான். அவள் அடுப்புக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறந்தநாளும் அதுவுமா இங்க என்னடா பண்ற? இந்தா, புடி."

கத்தி அவன் முன்னால் நீண்டது.

யுவராஜ் தன் கைகளைப் பார்த்தான்.

"கை பூரா மாவுண்ணே."

"கழுவிட்டு வா."

"இல்லண்ணே," என்றான். "இன்னும் பத்து கிலோ பிசைய வேண்டியிருக்கு."