வளைவுக்கு ரெண்டாயிரம்

நாமக்கல்லில் இரண்டு லட்சம் கோழிகளுக்குச் சொந்தக்காரரான அர்த்தநாரிக்குத் திடீரென்று மலையேறும் சைக்கிள் மேல் ஆசை வந்தது. நேரே சைக்கிள் கடைக்குப் போனார். கடைக் கட்டடமும் அவருடையதுதான்.

"விலை குறைஞ்சா என் கவுரவம் போயிரும். கூடிப்போனா ஏமாந்தவன்னு ஊரே சிரிக்கும். சரியான விலையைச் சொல்லு. தப்பாச் சொன்னா நாளைக்கு உனக்கு இங்க வேலை இருக்காது" என்றார், மெக்கானிக் செங்கோடனிடம்.

செங்கோடன் தன் பழைய கியர் சைக்கிளை எடுத்து நீட்டினான்.

"கொல்லிமலைக்கு எழுபது வளைவுங்க. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போர்டு இருக்குது. இதுல எத்தனை வளைவு ஏறுறீங்களோ, வளைவுக்கு ரெண்டாயிரம் போட்டு வாங்கிக்குங்க."

அர்த்தநாரி மிதித்துக் கிளம்பினார். பின்னாலேயே அவர் கார் போனது.

மதியம் போன் வந்தது. "எழுபதும் ஏறியாச்சு!"

"ஒரு லட்சத்து நாப்பதாயிரம்ங்க. பில் போட்டுரட்டுங்களா?"

"இரு, போர்டைச் சரியாப் பாக்கலை. ஏழு."

"பதினாலாயிரம்ங்க."

அதற்குள் டிரைவரின் குரல் குறுக்கே கேட்டது. "ஐயா, டீ ஆறுதுங்க. மொத வளைவுக்கே இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்குதாமுங்க."

"அப்ப சரியான விலை தெரிஞ்சு போச்சுங்க" என்றான் செங்கோடன். "ஒரு வளைவும் ஏறலை, விலையும் ஒண்ணுமில்லை, வியாபாரமும் ஒண்ணுமில்லீங்க. என் சைக்கிளை மட்டும் கார்லயே ஏத்தி அனுப்பிருங்க."