லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

விளாமலையின் உச்சியில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதை நடத்தியவர் தையல்நாயகி. வயது நாற்பத்தொன்று. காவி உடுத்துவதற்கு முன்பு அடிவாரத்து ஊரில் நர்ஸாக இருந்தவர். அவருக்கு மூன்று சீடர்கள். மூவரிலும் மூத்தவர் பொன்னுரங்கம். ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் லாரி ஓட்டிவிட்டு, மனைவி இறந்த பிறகு மலையேறி வந்தவர். குரு அவரை அண்ணே என்று கூப்பிடுவார். அவர் குருவை அம்மா என்பார்.

மடத்தில் பூஜை குறைவு. வண்டி வேலைதான் அதிகம். மலையில் ஒன்பது ஊர்கள். பஸ் கிடையாது. காய்ச்சல்காரர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் மடத்தின் பழைய பிக்கப் வண்டிதான் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ஓட்டியவர் பொன்னுரங்கம்.

அடிவாரத்தில் ஓர் அரிசி ஆலைக்காரர் மாதம் நூறு லிட்டர் டீசல் தானமாகத் தந்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். அதில் பன்னிரண்டு நடை போய் வரலாம். பதின்மூன்றாவதாக ஒருவர் வந்து நின்றால், வண்டி போகாது என்று சொல்ல வேண்டும். முதல் வருடம் பொன்னுரங்கம் அதை மூன்று பேரிடம் சொன்னார். மூன்றாவது ஆள் ஒரு தகப்பன். தோளில் மகளைப் போட்டுக்கொண்டு நடந்தே இறங்கினான். அவள் பிழைத்தாளா என்று அவர் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் இறக்கத்தில் எஞ்சினை அணைக்க ஆரம்பித்தார்.

ஐந்தாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் சாவியைத் திருப்பிவிடுவார். வண்டி தன் பாரத்தில் தானே இறங்கும். பதினோராவது வளைவில் மறுபடி கிளப்புவார். எஞ்சின் நின்றால் பிரேக் இரண்டு மிதிதான் பிடிக்கும், மூன்றாவது மிதியில் பெடல் கல்லாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். லாரி ஓட்டியவருக்கு அது தெரியாமல் இருக்குமா? ஆனால் மாதக் கடைசியில் ஒரு நடைக்கு டீசல் மிஞ்சியது. பதினொரு மாதம் மிஞ்சியது. பதின்மூன்றாவது ஆள் யாரையும் அவர் திருப்பி அனுப்பவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, காத்தாயி என்பவளைக் காய்ச்சலோடு கீழே கொண்டுபோனார். அவளுடைய கணவன் வெள்ளையன் பின்னால் நின்றுகொண்டு வந்தான். எட்டாவது வளைவில் எதிரே ஒரு டிராக்டர் மேலேறி வந்தது. பொன்னுரங்கம் மிதித்தார். மறுபடி மிதித்தார். மூன்றாவது மிதி இறங்கவில்லை. பள்ளத்தின் பக்கம் போன வண்டியைத் திருப்பி மலைப் பாறையில் மோதவிட்டார். காத்தாயிக்கு நெற்றியில் காயம். அவருக்கு ஒன்றும் இல்லை. வெள்ளையன் தூக்கி எறியப்பட்டு அங்கேயே இறந்துபோனான்.

பிரேக் பிடிக்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். போலீஸ்காரர்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார்கள். வேறு யாராவது ஓட்டியிருந்தால் மூன்று பேரும் பள்ளத்தில்தான் கிடந்திருப்பார்கள் என்று ஊர்க்காரர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பொன்னுரங்கம் கையை இழுத்துக்கொள்ளவில்லை. குருவும் எதுவும் கேட்கவில்லை.

நான்கு மாதம் வண்டி இல்லை. நோயாளிகளைப் போர்வையில் தூளி கட்டித் தோளில் சுமந்து இறக்கினார்கள். சிலர் வழியிலேயே போய்விட்டார்கள். மாசியில், வெளியூரில் வேலை செய்யும் மலைப் பிள்ளைகள் சேர்ந்து மடத்துக்குப் புது வண்டி வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். எந்த வண்டி என்பதைப் பொன்னுரங்கமே பார்த்துச் சொல்லட்டும் என்றார்கள்.

அவர் மூன்று ஷோரூம் ஏறி இறங்கினார். மூன்று விளம்பரத் தாள்களோடு குருவிடம் வந்தார்.

"அம்மா, மூணு வண்டி இருக்கு. சின்னது லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் குடுக்கும். அடுத்தது பதினேழு. மூணாவது பெரிசு, ரெண்டு வரிசை சீட்டு. பன்னிரண்டுதான் குடுக்கும். நம்ம டீசலுக்குச் சின்னதுதான் சரி. மாசம் பதினாலு நடை போலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

குரு தாள்களை வாங்கிப் பார்க்கவில்லை.

"காத்தாயிகிட்டக் கேட்டுட்டு வாங்க அண்ணே" என்றார்.

"அவளுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?"

"கேட்டுட்டு வாங்க."

காத்தாயியின் வீடு மூன்று மைல். பொன்னுரங்கம் போனபோது அவள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கடைசியாக அங்கே வந்தது வெள்ளையனின் காரியத்துக்கு. அன்று அவளே அவருக்குச் சோறு போட்டாள்.

"வா டிரைவரே" என்றாள்.

"மடத்துக்குப் புது வண்டி வாங்கறாங்க. எதை வாங்கலாம்னு உன்னைக் கேக்கச் சொன்னாங்க அம்மா."

"என்னையா?"

"எனக்கும் வெளங்கல. கேக்கச் சொன்னாங்க."

அவள் முறத்தை இறக்கி வைத்தாள். "சரி, சொல்லு. என்னென்ன இருக்குது?"

அவர் தாள்களைத் தரையில் விரித்தார். லிட்டருக்கு இருபத்திரண்டு, பதினேழு, பன்னிரண்டு என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னார். அவள் சின்ன வண்டியின் படத்தை எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"பின்பக்கம் எங்க?"

"முன்பக்கம்தான் போட்டிருக்கான்."

"பின்னாடி நிக்கறவங்க புடிச்சுக்க ஏதாச்சும் இருக்குதா?"

மூன்று ஷோரூமிலும் அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். கியர் போட்டுப் பார்த்தார். டயரைத் தட்டிப் பார்த்தார். பின்னால் போகவே இல்லை.

"பாக்கல" என்றார்.

காத்தாயி மறுபடி முறத்தை எடுத்தாள். "இதுவும் சத்தமில்லாம எறங்குமா?"

"என்ன?"

"அஞ்சாவது வளைவுக்கு அப்பால நீ சாவியத் திருப்புவியே. வண்டிச் சத்தம் அடங்கினதும் காடு கேக்கும். குருவி கத்தறது, தண்ணி ஓடறது எல்லாம். அவருக்கு அது அவ்வளவு புடிக்கும். அதுக்குன்னே பின்னாடி போய் நிப்பாரு. அன்னைக்குக்கூட உள்ள எடம் இருந்துச்சு. வாய்யா, குளிருதுன்னு கூப்புட்டேன். வரல."

பொன்னுரங்கம் தாள்களை மடிக்கத் தொடங்கினார். மடித்துக்கொண்டே எழுந்து போயிருக்கலாம். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. இனித் தெரியவும் வழியில்லை.

அவர் எழுந்திருக்கவில்லை.

"காத்தாயி. எஞ்சினை அணைச்சா பிரேக்கு புடிக்காது."

முறம் நின்றது.

"வண்டி மேல தப்பில்ல. நான் அணைச்சதுதான்."

"புடிக்காதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்கு அணைச்ச?"

"டீசல் மிச்சமாகும். மாசக் கடைசியில ஒருத்தரைக் கூடக் கொண்டுபோலாம்."

அவள் சாமையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு கோழி முறத்தருகே வந்தது. அவள் விரட்டவில்லை.

"எம் பொண்ணு பிரசவத்துக்கு உன் வண்டியில போனது மாசக் கடைசி" என்றாள். "கொடி சுத்தியிருந்துச்சு. இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தா ரெண்டும் போயிருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் இப்ப உன்னை என்னா சொல்றது?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. ஆனால் திரும்பி வரவும் இல்லை. வெயில் சுவர் ஏறும்வரை பொன்னுரங்கம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு கோழி சிதறடித்த சாமையை முறத்தில் கூட்டி வைத்துவிட்டு நடந்தார்.

மடத்தில் குரு தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்று பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். குரு தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"இத்தனை நாள் உங்ககிட்ட மறைச்சுட்டேன் அம்மா."

"மறைக்கல அண்ணே. எனக்குத் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முதல் மாசத்துலேர்ந்து. நானும் அந்த வண்டியில வந்திருக்கேனே."

பொன்னுரங்கம் விளிம்பை இறுக்கிப் பிடித்தார். இந்த நான்கு மாதமும் தனியாகச் சுமப்பதாக நினைத்திருந்தார்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

இப்போதுதான் குரு தேய்ப்பதை நிறுத்தினார். முழங்கால் வரை அழுக்குத் தண்ணீர்.

"கேட்டா நீங்க நிறுத்திடுவீங்க. நிறுத்தினா, பதிமூணாவதா வர்றவங்களை என்ன செய்யறதுன்னு என்னைக் கேப்பீங்க."



"காத்தாயிகிட்ட என்னை எதுக்கு அனுப்பினீங்க?"

"நான் போயிருக்கணும். நாலு மாசமா ஒவ்வொரு நாளும் கிளம்பினேன். வாசல் வரைக்கும்தான் போக முடிஞ்சுது. நாளைக்கு வர்றேன். ரெண்டு பேரும் போவோம்."

"இனிமே நான் வண்டி ஓட்டல அம்மா."

"அதை அவ சொல்லட்டும்."

அவர் மடியிலிருந்த தாள்களை எடுத்தார். வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

"அப்ப வண்டி?"

"எல்லாரும் உள்ள உக்கார்ற வண்டியை எடுங்க."

"அது தாள்லதான் பன்னிரண்டு, நம்ம மலையில லிட்டருக்கு எட்டுகூடக் குடுக்காது. எட்டு நடைதான் வரும். பழைய கணக்கைவிட நாலு நடை கம்மி."

"ஆமா."

"மாசக் கடைசியில வந்து நிக்கறவங்களை என்ன செய்யறது?"

குரு மறுபடி குனிந்து பாசியைத் தேய்க்கத் தொடங்கினார்.

"எங்கிட்ட அனுப்புங்க அண்ணே. போகாதுன்னு நான் சொல்றேன்."