லூர்துமேரி கேட்ட நாற்காலி

மத்தியதரைக் கடலோரத்தில் மொனாக்கோ என்றொரு குட்டி நாடு. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அங்கே நல்ல இடத்தில் சாப்பிட உட்காரக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். துறைமுகத்தைப் பார்த்த ஓர் உணவகத்தில் பல மாதங்களுக்கு முன்பே மேசை சொல்லி வைக்க வேண்டும்.

புதுச்சேரிக்காரி லூர்துமேரிக்கு அந்த ஊர் ஹோட்டல்களில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை. அவளும் கணவன் சவரிநாதனும் குடியிருந்தது எல்லைக்கு அப்பால், மலைமேல். அங்கேதான் வாடகை கட்டுப்படியானது. தினம் அந்த உணவகத்தைக் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்து, ஒருநாள் உள்ளேயே போய்த் தங்கள் கல்யாண நாளுக்கு இரண்டு நாற்காலி மேசை ஒன்று சொல்லிவிட்டு வந்தாள்.

"ஜன்னலைப் பார்த்த நாற்காலி எனக்கு. ஜன்னலுக்கு முதுகு காட்டினது உங்களுக்கு. இப்பவே சொல்லிட்டேன்."

அந்த நாளுக்குள் நோய் முந்திக்கொண்டது. ஆஸ்பத்திரியில் படுத்தபடி சொன்னாள்: "நான் இல்லாட்டியும் அங்க போகணும். தனியா உட்கார்ந்து சாப்பிடாதீங்க, பார்க்கச் சகிக்காது. ஆனா என் நாற்காலியில வேற யாரையாவது உட்கார விட்டீங்க, வந்து இழுத்துப் போட்டுடுவேன்."

சவரிநாதன் இரண்டுக்கும் தலையாட்டினான்.

அவள் போனபின் அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழவும் இல்லை. அவள் தங்கை ஜெர்த்ரூத் கொண்டுவந்து வைத்ததற்கெல்லாம் "நல்லாருக்கு" என்பான். ஒருநாள் ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். அதற்கும் அதே "நல்லாருக்கு".

கல்யாண நாளன்று ஜெர்த்ரூத்தான் சட்டை எடுத்துக் கொடுத்து அழைத்துப் போனாள். மாலை வெயில் இன்னும் இறங்கவில்லை. மேசையருகே போனதும் அவன் நின்றுவிட்டான். மனைவி சொன்ன இரண்டையும் சொன்னான்.

"ஐயோ அத்தான், அக்கா நாற்காலிப் பேச்சு விளையாட்டுக்கு. தனியா சாப்பிடாதீங்கன்னதுதான் நிஜம். அதுல நான் உட்கார்றேன். இழுத்துப் போட்டா என்னைத்தானே போடுவா? சின்ன வயசுல போடாததா?"

அவள் பிரெஞ்சில் விளக்கியதும், நரைத்த மேலாளர் தணிந்த குரலில் சொன்னார்: "முசியே, அந்த நாற்காலி காலியாகவே இருக்கட்டும். உங்கள் மதாமுக்கும் தட்டு வைக்கிறேன். சகோதரிக்கு வேறு மேசையில் இடம் தருகிறேன்."

சமையற்கட்டில் பாத்திரம் கழுவும் குகதாசன், யாழ்ப்பாணத்துக்காரன், தமிழ்ப் பேச்சுக் கேட்டு எட்டிப் பார்த்தான். "அண்ணை, உதெல்லாம் என்னத்துக்கு? உள்ள வாங்கோ. எங்கட ஆக்கள் சாப்பிடுற நேரம். எல்லாரும் நிண்டுகொண்டுதான் சாப்பிடுறனாங்கள், நாற்காலிச் சண்டையே இல்லை."

"உள்ளே போவதென்றால் சரி," என்றார் மேலாளர், அதையும் ஜெர்த்ரூத் சொல்லக் கேட்டு. "ஆனால் மேசையை வாசலில் நிற்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவேன்."

வாசலில் வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் மனைவியோடு அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். சவரிநாதனுக்குக் காதில் பஞ்சு அடைத்தாற்போல் இருந்தது. மூவர் யோசனையும் சரியாகவே பட்டது. அதுதான் சங்கடம்.

மூவரில் யார் சொன்னபடி செய்தால் லூர்துமேரியின் இரண்டு சொல்லும் நிற்கும்? யாருமில்லை என்றால், சவரிநாதன் செய்ய வேண்டியது என்ன?

விடை: ஜெர்த்ரூத் சொன்னபடி செய்தால் நாற்காலி போகும். மேலாளர் சொன்னபடி என்றால் அவன் தனிதான். காலித் தட்டு துணைக்கு ஆகாது. குகதாசனோடு போனால் வெள்ளைக் கோட்டுக்காரர் வந்து உட்காருவார். லூர்துமேரி "வேற யாரையாவது" என்று சொன்னது தன் புருஷனிடம். அவளுக்கு அவன் வேற யாரோ இல்லை. ஆகவே சவரிநாதன் அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். ஜன்னலுக்கு முதுகு காட்டிய அவனுடைய நாற்காலியில் ஜெர்த்ரூத் உட்கார்ந்தாள். அந்த நாற்காலிக்கு லூர்துமேரி தடை எதுவும் சொல்லவில்லை. லூர்துமேரியின் நாற்காலியிலிருந்து பார்த்தால், படகுகளுக்கு மேலே, மலைமேல் அவர்கள் வீட்டு பால்கனி. கொடியில் அவன் எடுக்க மறந்த சிவப்பு லுங்கி புள்ளியாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபடியே இருந்தான். சூப் வந்தது. ஒரு கரண்டி குடித்தான்.

"உப்புப் பத்தல," என்றான்.

ஜெர்த்ரூத் கரண்டியை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.